ஆட்டோமேட்டிக் வாட்ச்: கடையில் தினமும் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் வாட்ச் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்து 27 வருஷம் ஆகிறது. குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வருவார்கள். கல்ஃபுக்கு ஒருவராவது போன வீடு என்றால் அலமாரியில் ஒரு சீக்கோ ஃபைவோ சிட்டிசன் ஆட்டோமேட்டிக்கோ கிடக்கும் என்று நம்பிச் சொல்லலாம். வாட்ச் வேறு வேறாக இருந்தாலும் கேள்வி என்னவோ ஒன்றேதான். கடையில் நாலு பேர் காத்து நிற்கும்போது அரை நிமிஷத்தில் பதில் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது, அது எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் சாவகாசமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

பேட்டரி இல்லை, சாவியும் கொடுப்பதில்லை. அப்புறம் எதில்தான் ஓடுகிறது?

ஸ்பிரிங்கில்தான். தாத்தா காலத்துச் சாவி வாட்ச்சில் இருந்த அதே மெயின் ஸ்பிரிங். ஒரு அடிக்கு மேல் நீளமும் 0.1 மில்லிமீட்டர் அளவு தடிமனும் உள்ள உலோக நாடா, பேரல் என்கிற சின்ன டப்பிக்குள் சுருண்டு கிடக்கும். அதை இறுக்கி முறுக்கினால் விரியப் பார்க்கும், விரிகிற வேகத்தில் பேரலைத் திருப்பும், பேரலின் பல் அடுத்த சக்கரத்தைத் திருப்பும், அப்படியே கடைசியில் முள் வரைக்கும் போய்ச் சேரும். சாவி வாட்ச்சில் அந்த நாடாவை முறுக்குவது உங்கள் விரல். ஆட்டோமேட்டிக்கில் முறுக்குவது உங்கள் கை அசைவு.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர், கை ஆடுவதால்தான் முள் ஓடுகிறது, கை நின்றால் முள்ளும் நிற்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் ஊர்க் குளத்தை நினைத்துப் பாருங்கள். மழைத் தண்ணீர் குளத்தில் சேர்கிறது. மடையைத் திறந்து அளவாக வயலுக்கு விடுகிறோம். மழை இல்லாத நாளிலும் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. கை அசைவுதான் மழை, ஸ்பிரிங்தான் குளம். மடை என்பது எஸ்கேப்மென்ட், அதாவது காதில் வைத்தால் டிக் டிக் என்று கேட்கிறதே, அந்தப் பகுதி. ஒவ்வொரு டிக்குக்கும் துளி விட்டுவிட்டு உடனே அடைத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

கை அசைவு எப்படி ஸ்பிரிங்கை முறுக்குகிறது? உள்ளே என்னதான் நடக்கிறது?

பின்மூடி கண்ணாடியாக உள்ள வாட்ச் கையில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி நிலா மாதிரி ஒரு தகடு தெரியும். அதுதான் ரோட்டார். நடுவில் ஒரு அச்சில் உட்கார்ந்திருக்கும். எடை எல்லாம் வெளி ஓரத்தில் இருக்கும்படி செய்திருப்பார்கள், சில வாட்ச்சில் அந்த ஓரத்துக்கு மட்டும் டங்ஸ்டன் மாதிரி கனமான உலோகத்தை வைப்பார்கள்.

இப்போது வாட்ச்சை நெட்டாக நிறுத்திப் பிடித்து மெதுவாக, ஸ்டீயரிங் திருப்புவது போலத் திருப்புங்கள். ரோட்டாரின் கனமான பக்கம் கீழேயே நிற்கும், வாட்ச் மட்டும் அதைச் சுற்றித் திரும்பும். பூமியின் ஈர்ப்பு ரோட்டாரைக் கீழே பிடித்துக்கொள்கிறது, உங்கள் கை வாட்ச்சைத் திருப்புகிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் உண்டாகிற சுழற்சிதான் வாட்ச்சின் சாப்பாடு. நடக்கும்போது கை முன்னும் பின்னும் போகிறது, டீ டம்ளரைத் தூக்குகிறீர்கள், தலை சீவுகிறீர்கள், ஒவ்வொரு தடவையும் ரோட்டார் கொஞ்சம் சுற்றுகிறது. கையைச் சட்டென்று வீசி நிறுத்தினால் அந்த வேகத்திலும் சுற்றும்.

அடுத்து வாட்ச்சை மேசையில் படுக்க வைத்து அதே மாதிரி மெல்லத் திருப்பிப் பாருங்கள். ரோட்டாரும் வாட்ச்சோடு சேர்ந்து போகும், அல்லது சோம்பலாக எங்கேயாவது நிற்கும். காரணம், படுத்த நிலையில் ரோட்டாருக்கு மேல் கீழ் என்று எதுவும் இல்லை, ஈர்ப்பு விசை அதை எந்தப் பக்கமும் இழுக்காது. இந்தச் சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்குப் பின்னால் வருகிற கீபோர்டு கேள்வி சுலபம்.

ரோட்டார் நேரடியாக ஸ்பிரிங்கை முறுக்குவதில்லை. அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. நடுவில் இரண்டு மூன்று சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டுகிறார்கள். ரோட்டார் நூறு சுற்றுக்கும் மேல் சுற்றினால்தான் பேரல் ஒரு சுற்று முறுக்கும். கிணற்றில் கப்பி போட்டு நீளக் கயிற்றை இழுக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் விடாமல்.

ரோட்டார் இரண்டு பக்கமும் சுற்றுகிறதே. ஒரு பக்கம் முறுக்கியதை மறுபக்கம் அவிழ்த்துவிடாதா?

நல்ல கேள்வி, இதைக் கேட்கிற பையன்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முறுக்கியது அவிழாமல் பார்த்துக்கொள்ள கிளிக் என்று ஒரு சின்ன நாக்கு இருக்கிறது. பேரல் மேலே இருக்கிற சக்கரத்தை ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. அது சாவி வாட்ச்சிலும் உண்டு. மிச்சப் பிரச்சினை, ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் பலன் ஒரே பக்கமாகக் கிடைக்க வேண்டும் என்பது. இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வழி வைத்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது சீக்கோவின் மேஜிக் லீவர், 1959ல் வந்தது. ரோட்டார் சுற்றும்போது ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அந்தச் சக்கரத்தில் மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு குச்சி நிற்கும். அந்தக் குச்சியில் இரண்டு கால் உள்ள ஒரு லீவர் மாட்டியிருக்கும், கவட்டைக் கம்பு மாதிரி. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் லீவர் முன்னும் பின்னும்தான் போகும். முன்னே போகும்போது ஒரு கால் பல்லைத் தள்ளும், பின்னே வரும்போது மறு கால் பல்லை இழுக்கும். தள்ளினாலும் இழுத்தாலும் அடுத்த சக்கரம் ஒரே பக்கம்தான் திரும்பும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நண்டு கொடுக்கால் பற்றிப் பற்றி இழுக்கிற மாதிரி இருக்கும். மொத்தமே விரல் விட்டு எண்ணுகிற பாகங்கள்தான். 40 வருஷம் ஓடின வாட்ச்சிலும் அந்த லீவர் தேயாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சுவிஸ் ஈ.டி.ஏ. 2824 போன்ற மெஷினில் லீவருக்குப் பதில் ரிவர்சர் என்று இரண்டு சக்கரம், இரண்டு பக்கச் சுழற்சியையும் பிடிக்கும். சில மெஷின் ஒரு பக்கம் சுற்றும்போது மட்டும் முறுக்கும், மறுபக்கம் சும்மா ஓடும், மியோட்டா 8215 அந்த வகை. அந்தச் சும்மா ஓடுகிற பக்கத்தில் ரோட்டார் விர்ரென்று சுற்றுவது கையிலேயே தெரியும். ரிப்பேர் என்று நினைத்துக் கொண்டுவருவார்கள், ரிப்பேர் இல்லை.

அண்ணாச்சி, ராப்பகலாகக் கட்டியிருக்கிறேன். முறுக்கி முறுக்கி ஸ்பிரிங் அறுந்துவிடாதா?

அறாது. குளத்துக்கு மறுகால் இருக்கிறதே, நிரம்பினால் வழிந்து போக, அதே ஏற்பாடு பேரலுக்குள்ளும் இருக்கிறது.

சாவி வாட்ச்சில் ஸ்பிரிங்கின் வெளி நுனி பேரல் சுவரில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும். அதனால்தான் முழுசாக முறுக்கியதும் இனி போகாது என்று விரலுக்குத் தெரிகிறது. ஆட்டோமேட்டிக்கில் கொக்கி கிடையாது. வெளி நுனியில் கொஞ்சம் தடித்த ஒரு துண்டு சேர்த்திருப்பார்கள், அது பேரல் சுவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும். முறுக்கு அளவைத் தாண்டினால் பிடி விட்டுக் கொஞ்சம் வழுக்கி, அடுத்த பள்ளத்தில் போய் நிற்கும். அட்ரியன் ஃபிலிப் என்பவர் 1863ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது கையில் கட்டுகிற ஆட்டோமேட்டிக் என்ற ஒன்றே கிடையாது, ஆனால் பிற்பாடு இது இல்லாமல் ஆட்டோமேட்டிக்கே இல்லை என்றாகிவிட்டது.

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. தொழில் கற்றுக்கொண்டிருந்த இரண்டாவது வருஷம், ஒரு தலைமை ஆசிரியரின் வாட்ச்சை முழுசாகக் கழற்றி சர்வீஸ் செய்து கொடுத்தேன். டைம் சரியாகக் காட்டும், ஆனால் ராத்திரி கழற்றி வைத்தால் காலையில் நின்றிருக்கும். மூன்று தடவை திரும்பி வந்தது. ரோட்டாரைப் பார்த்தேன், லீவரைப் பார்த்தேன், எல்லாம் நன்றாக இருந்தது. கடைசியில் ஆசான் பேரலைத் திறந்து சுவரில் விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். நான் அங்கே சாதாரண எண்ணெய் விட்டிருந்தேன். அங்கே போட வேண்டியது வழுக்கலைக் கட்டுப்படுத்துகிற தனி கிரீஸ். எண்ணெயால் ஸ்பிரிங் பாதி முறுக்கிலேயே வழுக்கிவிட்டிருக்கிறது. மறுகால் தாழ்ந்து போன குளம், எவ்வளவு மழை பெய்தாலும் பாதிக்கு மேல் நிற்காது. "வழுக்குற வரைக்கும் பிடிச்சு நிக்கணும், மக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கும் பேரல் திறக்கும்போதெல்லாம் அந்தக் கிரீஸ் டப்பியை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

உங்கள் வாட்ச் நாள் முழுக்கக் கட்டியும் ராத்திரி தாண்டுவதில்லை என்றால் இதையும் ஒரு காரணமாக நினைவில் வையுங்கள்.

இவ்வளவு சின்ன ஸ்பிரிங்கில் எவ்வளவு ஆற்றல்தான் இருக்கும்?

ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் அது செய்கிற வேலைதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

100 கிராம் எடையை 1 மீட்டர் உயரம் தூக்க ஏறக்குறைய 1 ஜூல் ஆற்றல் வேண்டும். முழுசாக முறுக்கின சாதாரண ஆட்டோமேட்டிக் ஸ்பிரிங்கில் அதுகூடக் கிடையாது. கணக்குக்கு அரை ஜூல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏத்தன்பழத்தைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்குகிற உழைப்பு. அதை வைத்து வாட்ச் 40 மணி நேரம், அதாவது 1,44,000 வினாடி ஓடுகிறது. வினாடிக்கு 3.5 மைக்ரோஜூல், அதாவது 3.5 மைக்ரோவாட். வீட்டில் எரிகிற 9 வாட் எல்.இ.டி. பல்பின் மின்சாரத்துக்கு இப்படி 25 லட்சம் வாட்ச் ஓடும்.

வரவுப் பக்கத்தையும் பாருங்கள். ரோட்டார் 4 கிராம், அதன் எடை மையம் அச்சிலிருந்து 8 மில்லிமீட்டர் என்றால், மேலிருந்து கீழே ஒரு தடவை விழும்போது 16 மில்லிமீட்டர் இறங்குகிறது. கிடைப்பது சுமார் 0.6 மில்லிஜூல். காலியான ஸ்பிரிங்கை நிரப்ப அப்படி எண்ணூறு தடவைக்கு மேல் விழ வேண்டும். உராய்வில் போவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். ஒரு நாளில் நம் கை அதற்கு மேலேயே ஆடுகிறது.

முப்பந்தல் வழியாகப் போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தால் எனக்கு ரோட்டார்தான் ஞாபகம் வரும். ஆடி மாதம் காற்று பிய்த்துக்கொண்டு போகும், அப்போது சுற்றிக் கிடைக்கிற மின்சாரத்தை அப்போதே கம்பியில் அனுப்பியாக வேண்டும். காற்று விழுந்தால் இறக்கை நின்றுவிடும். வாட்ச்சுக்கு அந்தக் கவலை இல்லை, சுற்றுகிறபோது சேர்த்து வைத்து வேண்டுகிறபோது எடுத்துக்கொள்கிறது.

சனிக்கிழமை ராத்திரி கழற்றி வைத்தேன், திங்கள் காலையில் நின்றுவிட்டது. கோளாறா?

இல்லை. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் 38 முதல் 42 மணி நேரம் வரைதான் தாங்கும். சனி ராத்திரி பத்து மணிக்குக் கழற்றினால் திங்கள் சாயங்காலத்துக்குள் குளம் காலி. சனிக்கிழமை நீங்கள் அதிகம் அசையாமல் இருந்திருந்தால் முழுசாக நிரம்பாமலே கழற்றியிருப்பீர்கள், இன்னும் சீக்கிரம் நிற்கும். புது மெஷின் சிலது 70, 80 மணி நேரம் ஓடும். டிஸ்ஸாட் வாட்ச்சில் வருகிற பவர்மேட்டிக் 80 என்பது பெயரிலேயே அந்தக் கணக்கைச் சொல்கிறது. பழைய மெஷின் மணிக்கு 28,800 தடவை அடித்ததை 21,600 ஆகக் குறைத்து, ஸ்பிரிங்கையும் நீளமாக்கினார்கள். மடையைக் குறுக்கி, குளத்தையும் கொஞ்சம் பெரிதாக்கின மாதிரி.

நான் ஆபீஸில் எட்டு மணி நேரம் கீபோர்டு தட்டுகிறேன். விரல் ஓயாமல் ஆடுகிறது, வாட்ச் மட்டும் நின்று நின்று போகிறதே?

விரல் ஆடுகிறது, மணிக்கட்டு திரும்பவில்லை. வாட்ச் டயல் மேலே பார்க்கப் படுத்தே கிடக்கிறது. மேசையில் படுக்க வைத்து நீங்கள் செய்த சோதனைதான் இது.

குலசேகரத்திலிருந்து ஒரு பால்வெட்டுத் தொழிலாளி வருவார். விடியும் முன்னே ரப்பர் தோட்டத்தில் ஏறி, மரத்துக்கு மரம் போய்க் கத்தியைப் பட்டை ஓரமாக இழுத்து, குனிந்து சிரட்டையைச் சரிசெய்து, மறுபடி அடுத்த மரம். அவர் வாட்ச் காலை எட்டு மணிக்கே நிரம்பி மறுகால் போய்க்கொண்டிருக்கும். அதே மாடல் வாட்ச்சை வங்கியில் வேலை செய்கிற அவர் மகன் கட்டியிருக்கிறான், வாரத்தில் இரண்டு நாள் நிற்கிறது என்று புகார். இரண்டையும் ஒரே நாளில் மேசையில் வைத்து ஆராய்ந்தேன், மெஷின் இரண்டும் அருமை. மகனிடம் சாயங்காலம் அரை மணி நேரம் கையை வீசி நடக்கச் சொன்னேன். அதுவே போதும்.

அப்பாவுக்கு வயது 78. அவர் கையில் ஓடின வாட்ச் இப்போது தினமும் நிற்கிறது. சர்வீஸ் செய்தால் சரியாகுமா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் உடனே சர்வீஸ் என்று நான் சொல்வதில்லை. முதலில் வாட்ச்சை நன்றாக முறுக்கி மேசையில் இரண்டு நாள் வைத்துப் பார்ப்பேன். 38, 40 மணி நேரம் தானாக ஓடினால் வாட்ச் மேல் குற்றமில்லை. வயதானவர் நடப்பது குறைந்திருக்கும், கை மடியிலேயே இருக்கும், மழை குறைந்த ஊரில் குளம் வற்றுகிற மாதிரிதான். தயவுசெய்து அதற்காக அவர் வாட்ச்சைப் பேட்டரி வாட்ச்சாக மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், பல பேர் மனசுக்குள் வருத்தப்படுகிறார்கள், வெளியே சொல்வதில்லை.

கையால் சாவி கொடுக்க முடிகிற மாடல் என்றால் காலையில் 20, 25 தடவை கிரவுனை, அதாவது பக்கவாட்டில் இருக்கிற திருகு குமிழை, திருகிக் கொடுங்கள், அவரே செய்தால் இன்னும் நல்லது. முடியாத மாடல் என்றால் காலையில் ஒரு நிமிஷம் ஆட்டிக் கட்டிவிடுங்கள். இடது கை பக்கவாதத்தால் அசையாமல் போனவர்களுக்கு வலது கையில் கட்டினால் போதும், இரண்டு பேருக்கு அப்படி மாற்றிக் கட்டி, அதற்குப் பிறகு வாட்ச் நிற்கவில்லை.

நின்ற வாட்ச்சை எப்படி ஓட்டுவது? குலுக்கலாமா?

மருந்து பாட்டில் குலுக்குவது போலக் குலுக்காதீர்கள். டயல் உங்களைப் பார்க்க நிறுத்திப் பிடித்து, இடமும் வலமுமாக ஒரு அரை நிமிஷம் வீசுங்கள், ரோட்டார் சுற்றுவது கையில் தெரியும். விநாடி முள் நகர ஆரம்பித்துவிடும், டைம் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். அந்த அரை நிமிஷத்தில் குளம் நிரம்பிவிடவில்லை, அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது, மீதியை நாள் முழுக்க உங்கள் கை நிரப்பும்.

இங்கே கல்ஃபிலிருந்து வந்த சீக்கோ ஃபைவ்களில் பெரும்பாலும் 7009, 7எஸ்26 மெஷின். இவற்றில் கிரவுனைத் திருகினால் முறுக்காது, அந்த வசதியே கிடையாது. திருகித் திருகிக் கை வலித்துவிட்டு, சாவி கெட்டுவிட்டது என்று வருவார்கள். சீக்கோ ஃபைவ் 1963ல் வந்தபோதே கிரவுனை 4 மணிப் பக்கம் ஒதுக்கி உடம்புக்குள் புதைத்து வைத்தார்கள், தினமும் தொட வேண்டியதில்லை என்று காட்டுவதற்காகவே. பின்னால் வந்த 4ஆர்36 மெஷினில் கையாலும் முறுக்கலாம்.

நிற்கிற வாட்ச்சில் தேதி மாற்றும்போது ஒரு எச்சரிக்கை: ராத்திரி 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை முள் இருக்கும் நேரத்தில் தேதியைச் சட்டென்று மாற்றுகிற வசதியைத் தொடாதீர்கள். அப்போது தேதிச் சக்கரத்தில் பல் மாட்டியிருக்கும். உடையும்.

பைக் ஓட்டினால் நன்றாக ஏறுமா?

பெரிதாக ஏறாது. கை ஹேண்டிலில் பிடித்தபடி இருக்கிறது. பைக்கின் அதிர்வு ரோட்டாரை நடுங்க வைக்குமே தவிர முழுச் சுற்று சுற்ற வைக்காது.

இதை யார் கண்டுபிடித்தார்கள்? ஜப்பான்காரரா?

இல்லை, அதற்கும் ரொம்ப முன்னே. 1770களில் சுவிட்சர்லாந்தின் லு லோக்கிள் ஊரில் ஆபிரகாம் லூயி பெரலே, பெல்ஜியம் பக்கம் லியேஜில் யூபேர் சார்ட்டோன் என்று இரண்டு பேர் பெயர் வரும். 1777ல் ஜெனீவாவில் எழுதப்பட்ட ஒரு அறிக்கை, பெரலேயின் வாட்ச்சை வைத்துக்கொண்டு 15 நிமிஷம் நடந்தால் 8 நாள் ஓடும் என்கிறது. ஆனால் அது பாக்கெட் வாட்ச். பாக்கெட்டில் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும், புரளாது, அதனால் அன்றைக்குப் பெரிதாகப் பரவவில்லை.

கையில் கட்டுகிற வாட்ச் வந்த பிறகுதான் இதற்கு விடிவு. ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேய வாட்ச் ரிப்பேர்காரர், கிரவுன் துவாரம் வழியாகத்தான் தூசியும் ஈரமும் உள்ளே போய் வாட்ச்சைக் கெடுக்கிறது என்று தன் மேசையில் பார்த்துப் பார்த்துச் சலித்து, சாவியே வேண்டாத வாட்ச்சை 1920களில் செய்தார். ரிப்பேர் மேசையில் பிறந்த யோசனை என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை. அவர் வாட்ச்சில் எடை முழுச் சுற்று சுற்றாது, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் தடையில் இடித்து இடித்துத் திரும்பும். தடை இல்லாமல் முழு வட்டமாகச் சுற்றுகிற ரோட்டாரை 1931ல் ரோலெக்ஸ் கொண்டுவந்தது. 1948ல் எட்டெர்னா ரோட்டாரின் அச்சில் பால் பேரிங் வைத்தது, இன்றைக்கு நிறைய வாட்ச்சில் அந்த ஏற்பாடுதான்.

நம் நாட்டில் 1961ல் பெங்களூரில் சிட்டிசன் கம்பெனியின் துணையோடு எச்.எம்.டி. வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. அவர்களுடைய ஆட்டோமேட்டிக்கில் காஞ்சன் இன்றைக்கும் என் மேசைக்கு வருகிறது. அந்தச் சதுர முகத்தைப் பார்த்தாலே கல்யாண வாட்ச் என்று தெரிந்துவிடும்.

முழுசாக முறுக்கினால் வேகமாகவும் குறைந்தால் மெதுவாகவும் ஓடுமா?

ஸ்பிரிங்கின் பலம் நேராக முள்ளுக்குப் போவதில்லை, நடுவில் பேலன்ஸ் வீல் இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கிறது. பலம் கூடினால் அகலமாக ஆடும், குறைந்தால் குறுகலாக ஆடும், ஆனால் ஒரு ஆட்டத்துக்கு ஆகிற நேரம் ஏறக்குறைய மாறாது, ஊஞ்சல் மாதிரி. ஏறக்குறைய என்று சொன்னேன். ரொம்ப வலுவிழந்தால் மாறும். நன்றாக முறுக்கிப் படுக்க வைத்தால் 270 டிகிரிக்கு மேல் ஆடுகிற சக்கரம், 200க்கும் கீழே வந்துவிட்டால் நேரம் சொன்னபடி கேட்காது. ஆட்டோமேட்டிக்கைத் தினமும் கட்டுகிறவருக்குக் குளம் எப்போதும் முக்கால் பங்குக்கு மேலேயே இருக்கும், அதனால் நேரமும் சீராக இருக்கும், இது சாவி வாட்ச்சுக்குக் கிடைக்காத லாபம். ஆனாலும் பேட்டரி வாட்ச் அளவு எதிர்பார்க்காதீர்கள். 7எஸ்26க்குக் கம்பெனியே நாளைக்கு 20 வினாடி குறையலாம், 40 வினாடி கூடலாம் என்றுதான் சொல்கிறது.

திடீரென்று ஒரு நாளில் பல நிமிஷம் கூட ஓடினால் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர் மேலோ, காந்த மூடி உள்ள போன் கவர் பக்கத்திலோ வைத்திருப்பீர்கள். கடையில் ஒரு நிமிஷ வேலை.

கடல் தொழிலுக்குக் கட்டிக்கொண்டு போகலாமா?

வாஷர் புதுசாக, பின்மூடி திருகு வகையாக, வாட்டர் ரெசிஸ்டன்ட் அளவு போதுமானதாக இருந்தால் போகலாம். முட்டம், குளச்சல் பக்கமிருந்து வருகிற வாட்ச்களில் நான் பார்க்கிற கதை ஒன்றுதான். வாஷர் காய்ந்து வெடித்திருக்கும், உப்புத் தண்ணீர் மெல்லக் கசிந்திருக்கும், முதலில் பலியாவது ரோட்டாரின் பேரிங். திறந்தால் ரோட்டார் அச்சைச் சுற்றி மஞ்சள் தூள் மாதிரி துரு. பேரிங் துருப்பிடித்தால் ரோட்டார் சுற்றாது, ரோட்டார் சுற்றாவிட்டால் ஸ்பிரிங் முறுக்காது, வாட்ச் நல்ல வாட்ச்சாக இருந்தும் பட்டினி கிடந்து நிற்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கிரவுனை இழுக்காமல் கழுவித் துடையுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வாஷர் மாற்றுங்கள், அதற்கு ஆகிற காசு ஒரு நேர மீன் குழம்புக்கு ஆகிற காசுதான். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அன்றைக்கே கொண்டுவாருங்கள், வெயிலில் காயவைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஆட்டினால் கறகற என்று சத்தம் வருகிறது.

லேசான சரசர சத்தம் பால் பேரிங்குக்கு இயல்பு. கறகற என்று உரசுகிற சத்தம் என்றால் ரோட்டார் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது அச்சு தேய்ந்து ரோட்டார் சாய்ந்து பின்மூடியில் இடிக்கிறது. திறந்து பார்த்தால் பின்மூடியின் உள்பக்கம் அரைவட்டமாகக் கீறல் தெரியும். அப்படியே ஓட்டினால் அந்த உலோகத் தூள் மெஷினுக்குள் போகும். கழற்றிவைத்துவிட்டு வாருங்கள்.

கைனடிக் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

ரோட்டார் வரைக்கும் ஒன்று. அதற்குப் பிறகு வேறு. சீக்கோ 1980களின் கடைசியில் கொண்டுவந்த அந்த வகையில், ரோட்டார் ஒரு சின்ன ஜெனரேட்டரைச் சுற்றும், மின்சாரம் கெப்பாசிட்டரில் சேரும், அதில் குவார்ட்ஸ் மெஷின் ஓடும். ஸ்பிரிங் குளம் இல்லை, மின்சாரக் குளம். அந்தக் கெப்பாசிட்டர் வருஷங்கள் போனால் பலம் குறையும், மாற்ற வேண்டும்.

வாட்ச்சைச் சுற்றி வைக்கிற வைண்டர் பெட்டி வாங்கலாமா?

ஒரு வாட்ச் வைத்திருப்பவருக்குத் தேவையே இல்லை. நிற்பதால் வாட்ச் கெடாது.

அண்ணன் துபாயிலிருந்து 1990ல் கொண்டுவந்தது. அலமாரியில் பதினைந்து வருஷம் கிடந்தது. எடுத்ததும் ஓடுகிறது! அப்படியே கட்டலாமா?

ஓடுவதைப் பார்த்ததும் வருகிற சந்தோஷம் எனக்குத் தெரியும். கையில் எடுத்த அசைவிலேயே ரோட்டார் சுற்றி, விநாடி முள் கிளம்பியிருக்கும். ஆனால் உள்ளே எண்ணெய் பதினைந்து வருஷத்தில் பிசின் மாதிரி ஆகியிருக்கும், சில இடத்தில் காய்ந்தே போயிருக்கும். ஒரு மணி நேரத்தில் அந்தச் சக்கரங்கள் 21,600 தடவை அடிக்கின்றன, எண்ணெய் இல்லாத அச்சு அதே கணக்கில் தேய்கிறது. ஓடுகிற வாட்ச்சை ஓட்டி ஓட்டியே கெடுத்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். முதலில் முழுசாகக் கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு, வாஷர் மாற்றி, தேவைப்பட்டால் மெயின் ஸ்பிரிங்கும் புதுசு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் என்று வைத்துக்கொண்டால் போதும்.

சர்வீஸ் முடிந்து கொடுக்கும்போது நான் முழுசாக முறுக்கித்தான் கொடுப்பேன். வீட்டுக்குப் போனதும் மறுபடி அலமாரியில் வைக்காமல் இரண்டு நாள் விடாமல் கட்டியிருங்கள். இரண்டாம் நாள் ராத்திரி 9 மணிக்குக் கழற்றி மேசையில் வைத்து, எத்தனை மணிக்கு நின்றது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். மறுநாள் முழுக்க ஓடி, அதற்கும் அடுத்த நாள் காலை 11 மணி வரை தாங்காமல் முன்னாலேயே நின்றிருந்தால் மறுபடி பேரலைத் திறந்து பார்க்கிறேன், அதற்குக் காசு கிடையாது.